சோஃபியின் நாடி

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மாதா கோயிலில் அண்ணன் மகன் சார்லசுக்கு இரண்டாம் வருஷப் பூசை. நான் போகவில்லை. அண்ணன் பூசை முழுவதையும் போனில் காட்டினார். பாரிசுக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்து நானும் ஸ்டெல்லாவும் பார்த்தோம். சாமியார் இறந்தவனின் பெயரைச் சொன்னபோது மைக் கரகரத்ததால் சரியாகக் கேட்கவில்லை. பெயர் வந்த இடத்தில் அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுத்தியதை மட்டும் பார்த்தோம்.

மகள் சோஃபி தன் அறையில் இருந்தாள். வா என்று கூப்பிட்டேன்.

"வரலப்பா. நீங்க பாருங்க."

ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே அவள் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தில் நெஞ்சுத் துடிப்பின் எண் ஏறத் தொடங்கிவிடும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பாண்டிச்சேரியில் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள் நிறைய. என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கிய சொல்தா. ஸ்டெல்லாவைக் கட்டியதால் எனக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் கிடைத்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவ ஆரம்பித்து, இப்போது அங்கேயே காய்கறிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம், "உனக்கு இன்னாப்பா கொறச்சல், பொண்ணும் பிரான்சுல படிக்குது" என்பார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். இந்தத் தடவை அண்ணன் போனை வைக்கும் முன்பு, "ஊர்ல எல்லாரும் சோஃபிய கேக்குறாங்க சூச, இன்னா சொல்லட்டும்?" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

சோஃபி இங்கே பிறந்தவள். தமிழ் அவளுக்குப் புரியும், பேசச் சொன்னால் தடுமாறும். "எனக்குப் பசி இருக்குது" என்பாள். "தலை எனக்கு வலி செய்யுது" என்பாள். திருத்தினால் கோபம் வரும். பன்னிரண்டு பதிமூன்று வயதுக்குப் பிறகு வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதும் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வதுமாகப் பழகிவிட்டது. இடையில் ஏதோ ஒன்று நழுவிக்கொண்டே போவது தெரிந்தது. இங்கே இருக்கிற எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

அவளை ஊரோடு பிடித்து வைத்திருந்தவன் சார்லஸ் ஒருவன்தான். அவளைவிட மூன்று வயது பெரியவன். கோடை விடுமுறைக்குப் போனால் இறங்கிய நாளிலிருந்து அவன் பைக்கின் பின்னால்தான் இருப்பாள். வில்லியனூர் மார்க்கெட்டில் பரோட்டா, பாகூர் ஏரிக்கரையில் கொய்யாப்பழம், சாயங்காலம் வாலிபால். அவளுடைய தமிழைக் கேட்டு அவன் ஒரு நாளும் சிரித்ததில்லை. அவள் ஒரு சொல்லைத் தேடி நின்றால் அவனும் பேசாமல் காத்திருப்பான்.

திருபுவனையில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் வாலிபால். குருவிநத்தத்தில் ஆற்றோரத் திடலில் ஒரு டோர்னமெண்ட் நடந்தது. வலைக்கு மேலே எம்பிப் பந்தை அடித்தான். பந்து எதிர்ப்பக்கம் விழுந்தது, பாயிண்ட்டும் கிடைத்தது. கீழே வந்தவன் எழுந்திருக்கவில்லை. சறுக்கி விழுந்துவிட்டான் என்று நினைத்துப் பையன்கள் முதலில் கை தட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். பாகூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று சொன்னார்கள். இருபத்தாறு வயசுப் பையனுக்கு எதனால் என்று அண்ணன் கேட்டதற்கு, அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அறுத்துப் பார்க்க அண்ணி சம்மதிக்கவில்லை. அதனால் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் காரணம் தெரியாது, இனிமேலும் தெரியப்போவதில்லை.

ஆட்டத்தை யாரோ போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடியோ ஊர் குரூப்பிலிருந்து கிளம்பிப் பல குரூப்புகளுக்குப் போனது. அண்ணன் எனக்கு போன் பண்ணி அழுவதற்கு முன்பே அது சோஃபியின் போனுக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவள், சார்லஸ் அண்ணன் நல்ல ஷாட் அடித்திருக்கிறான் போல என்று நினைத்துத் திறந்திருக்கிறாள்.

3

சாவுக்கு என்னால் மட்டும்தான் போக முடிந்தது. நான் திரும்பி வந்தபோது அவள் கையில் அந்தக் கடிகாரம் இருந்தது. படிப்புக்கு நடுவில் செருப்புக் கடையில் வேலை பார்த்துச் சேர்த்ததில் வாங்கியிருந்தாள். நெஞ்சு எத்தனை தடவை துடிக்கிறது என்று காட்டும், துடிப்பு தாறுமாறானால் கையை அதிரச் செய்து எச்சரிக்கும் என்றாள். நல்லதுதானே என்றேன். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

சில வாரம் ஒன்றுமில்லை. ஒரு நாள் மத்தியானம் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது கடிகாரம் அதிர்ந்திருக்கிறது. நீ சும்மா உட்கார்ந்திருக்கிறாய், உன் துடிப்பு மட்டும் அதிகமாக இருக்கிறது என்று எழுத்தில் வந்திருக்கிறது. அதைப் படித்ததும் துடிப்பு இன்னும் ஏறியது. கை விரல்கள் மரத்துப்போய், மூச்சு முட்டி, சார்லஸ் விழுந்த மாதிரியே தானும் விழப்போகிறோம் என்று தோன்றிவிட்டது அவளுக்கு. கூடப் படிக்கிறவர்கள் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். அண்ணன் மகன் விஷயத்தையும் சொன்னோம், அதற்காகத் தனியாக ஒரு முறை பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. இதய டாக்டர் வயசான பெண்மணி, பொறுமையாகப் பேசினார்.

"உன் இதயம் நன்றாக இருக்கிறது. பயந்தால் துடிப்பு ஏறும். ஏறினால் நீ கடிகாரத்தைப் பார்ப்பாய். பார்த்தால் மறுபடி பயப்படுவாய். உனக்கு நான் எழுதித்தரக்கூடிய மருந்து ஒன்றுதான், அதைக் கழற்றி வை."

சோஃபி தலையாட்டினாள். வெளியே வந்து லிஃப்டுக்காக நிற்கும்போதே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொன்றாக விட்டாள். முதலில் காப்பி. பிறகு காரம். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, படி ஏறுவது, மெட்ரோ. சூடான தண்ணீரில் குளிப்பதை விட்டாள், துடிப்பு ஏறுகிறதாம். சினிமாவில் சண்டை வந்தால் எழுந்து போவாள். சிரிப்பு வந்தால்கூட அடக்கிக்கொள்வாள். எங்கள் வீட்டு லிஃப்ட் பழுதானால் அது சரியாகும்வரை அவளுக்கு வெளி உலகம் கிடையாது. பரீட்சை எழுதப் போய்ப் பாதியில் எழுந்து வந்தாள். அந்த வருஷப் படிப்பு போனது, பின்னாலேயே செருப்புக் கடை வேலையும் போனது.

ஸ்டெல்லா ஒரு நாள் காலையில் கடிகாரத்தை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தாள். சோஃபி கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள். சாப்பிடக் கூப்பிட்டோம், எண்ணினாள். பேச்சுக் கொடுத்தோம், கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு எண்ணினாள். பொழுது சாய்வதற்குள் கழுத்தில் விரல் வைத்த இடம் சிவந்துவிட்டது. ஸ்டெல்லாவே அரிசிக்குள் கையைவிட்டு எடுத்துக்கொண்டு வந்து அவள் கையில் கட்டிவிட்டாள். கட்டிவிட்டுச் சமையலறையில் போய் அழுதாள்.

மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் குடும்ப டாக்டர் கடிதம் கொடுத்தார். இங்கே டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவதை ரந்தேவு என்பார்கள். ரந்தேவு கிடைத்துவிட்டால் பாதி நோய் போனது என்று எங்கள் ஆட்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அரசாங்க மையத்துக்குக் கடிதத்தை அனுப்பினோம். நீங்கள் வேறு வட்டாரம் என்று திருப்பினார்கள். சரியான வட்டாரத்துக்கு அனுப்பினால், பெண் இருபது வயதைத் தாண்டியவள், கையொப்பம் அவளே போட வேண்டும், அப்பா போட்டது செல்லாது என்று வந்தது. அவள் போட்டு அனுப்பினாள். வரிசையில் வைத்திருக்கிறோம், இடம் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். போன் பண்ணிக் கேட்டால், அவசரமா என்பார்கள். அவசரம் என்றால் என்ன என்று கேட்டேன். சாக வேண்டும் என்கிறாளா என்று கேட்டார் போனை எடுத்த பெண். இல்லை, செத்துவிடுவோமோ என்று பயப்படுகிறாள் என்றேன். என் பிரெஞ்சு அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். சரி, அப்படியானால் அவசரமில்லை என்று எழுதிக்கொண்டார்.

4

முதல் வருஷப் பூசைக்கு மூன்று பேருமாக ஊருக்குப் போனோம். ஊர்க்காற்று பட்டால் சரியாகிவிடுவாள் என்று ஸ்டெல்லாவுக்கு நம்பிக்கை. சோஃபியும் வருகிறேன் என்றாள். விமானம் ஏறுவதே பெரிய பாடாக இருந்தது, ஆனாலும் ஏறினாள்.

வெயில் காலம். வெயிலில் எல்லாருக்கும்தான் துடிப்பு கூடும், ஆனால் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம், "இன்னாம்மா, வெளியவே வரல?" என்று கேட்டார்கள். அவள் மனதுக்குள் பிரெஞ்சில் சொல்லைத் தேடித் தமிழாக்கி, "என் இதயம் ரொம்ப ஓடுது" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். யாருடி அந்தப் பையன் என்று ஒருத்தி கேட்டாள். இதயம் என்றால் ஊரில் அது காதலுக்கும் சினிமாப் பாட்டுக்கும் உரிய சொல். நெஞ்சு படபடப்பு என்று சொல்லத் தெரியாத பிள்ளை, அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

பூசை முடிந்து கல்லறைக்குப் போனபோது காரைவிட்டு இறங்கமாட்டேன் என்றாள். ஏ.சி.யைப் போட்டுவிட்டு, டிரைவரை நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு நாங்கள் போனோம். மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்து, சாமியார் ஜெபம் சொல்லி முடித்தார். திரும்பும்போது சார்லசின் அம்மா லூர்து அண்ணி எல்லாருக்கும் முன்னால் வேகமாக நடந்து வந்து, காரின் பின்கதவைத் திறந்து சோஃபியின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"பயமா இருக்குதாடி?"

"ஆமா பெரியம்மா."

"எனக்குந்தான். அவன அங்க உட்டுட்டு வரும்போதெல்லாம் பயமாத்தான் இருக்குது." அண்ணி அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது இன்னாது? வந்ததுலேர்ந்து இதையே பாத்துகினு இருக்கிறியே."

"நெஞ்சு எவ்ளோ அடிக்குதுன்னு காட்டும். தப்பா அடிச்சா சொல்லும்."

"எப்ப சொல்லும்? விழுந்தப்புறமா?"

"முன்னாடி. முன்னாடியே சொல்லும்."

அண்ணி அந்தச் சின்னத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் எண் மாறிக்கொண்டே இருந்தது.

"இது அவன் கையில இருந்திருந்தா எம் புள்ள பொழச்சிருப்பானா?"

சோஃபி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். டாக்டர்கள் சொன்னது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த மாதிரிச் சாவை ஒரு கடிகாரம் முன்கூட்டிச் சொல்லிவிடாது என்று அவளே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். ஆனால் அண்ணியிடம் அப்படிச் சொன்னால், அதற்குப் பிறகு அவள் கையில் கட்டியிருப்பதற்கு என்ன அர்த்தம்?

"பொழச்சிருப்பாங்க பெரியம்மா" என்றாள்.

"அண்ணி, அப்படியெல்லாம் கெடையாது" என்று நான் குனிந்து சொன்னேன். "டாக்டருங்களே சொல்றாங்க, இது சும்மா..."

"நீ சும்மா இரு தம்பி. அவ படிச்ச பொண்ணு. அவளுக்குத் தெரியாததா?"

வீட்டு வாசலில் இறங்கியதும் அண்ணி முதல் வேலையாக இளைய மகன் லாரன்சைக் கூப்பிட்டார். பந்தலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தான் அவன். சார்லசைவிட நான்கு வயது சின்னவன், ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன், எதையும் மனதில் போட்டுக்கொள்ளாதவன். சார்லஸ் செத்த பிறகு அவனையும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்திருந்தார்கள். கல்லு மாதிரி இருக்கிறான் என்று டாக்டர் முதுகில் தட்டி அனுப்பியிருந்தார்.

"சோஃபி கையில இருக்குது பாரு, அதே மாதிரி ஒண்ணு நீயும் கட்டணும்."

"எனக்கெதுக்கும்மா அது? மிசின்ல மாட்டும்."

"எதுக்குன்னு கேக்காத. எனக்காகக் கட்டுடா."

அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான். அம்மா அழாமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. நாங்கள் கிளம்புவதற்கு முன்பே டவுனுக்குப் போய் ஒன்று வாங்கி வந்துவிட்டான். எப்படிப் பார்ப்பது, எதற்கு எது அர்த்தம், எந்த எண்ணுக்கு மேல் போனால் பயப்பட வேண்டும் என்று சோஃபிதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். ஊரில் இருந்த ஒரு மாதத்தில் ஃபேனுக்கு அடியிலிருந்து அவள் நாற்காலியை நகர்த்தியது அதற்காக மட்டும்தான்.

5

லாரன்ஸ் வாங்கியது மலிவானது. வார் கொஞ்சம் தளர்ந்தால் தப்பாகக் காட்டும். வேர்த்தால் தப்பாகக் காட்டும். கம்பெனியில் மெஷின் அதிர்ந்தாலும், மடுகரை ரோட்டுப் பள்ளத்தில் பைக் குதித்தாலும், அதில் வரும் எண்ணைப் பார்த்தால் நல்ல ஆளுக்கே நடுக்கம் வந்துவிடும். ஆரம்பத்தில் அதைப் படம்பிடித்துச் சிரிப்புப் பொம்மையோடு சோஃபிக்கு அனுப்புவான். இவள் சிரிக்கமாட்டாள். உட்காரு, தண்ணி குடி, மறுபடி பார் என்று எழுதுவாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அண்ணன் போன் செய்தார்.

"சூச, லாரன்சு வாலிபால் வுட்டுட்டான்."

"சார்லஸ் ஞாபகம் வருதோ என்னமோ."

"அதில்ல. அப்பல்லாம் ஆடினானே. அண்ணன் செத்த மறு மாசமே ஆடினான். இப்பதான், எம்பினா நெஞ்சு ஏறுதுன்றான்."

பொங்கல் சமயத்தில் வேலைக்கு அடிக்கடி லீவு போடுகிறான் என்றார். தவக்காலம் தொடங்கியபோது கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். மெஷின் பக்கத்தில் நிற்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான், ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் தலையில் விழும் என்றார்களாம். அண்ணன் பொறுமையான மனிதர். அன்றைக்கு அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அத்தக் கழட்டி அடுப்புல போடுறேன்னு கிட்ட போனேன். உங்க அண்ணி குறுக்க வந்து நின்னா. ஒரு புள்ளைய நீ பாத்துக்காம உட்ட, இவனையாவது உடு, அது பாத்துக்கும்னு சொல்றா. நான் இன்னாடா பண்ணட்டும்?"

என்னிடம் பதில் இருந்தால் என் வீட்டில் அதைச் செய்திருப்பேனே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். காட்டினார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் துடிப்பு குறைந்து காட்டுகிறது, குறைந்தால் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டான்.

இப்போது அவனும் சோஃபியும் தினமும் பேசுகிறார்கள். எங்களுக்குக் காலை விடிந்து, அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் அழைப்பு வரும். ஒரு நாள் அவள் அறைப்பக்கம் போனபோது கதவு திறந்திருந்தது. இரண்டு பேரும் திரையில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப எவ்ளோடா?"

"நீ மொதல்ல சொல்லு."

"எனக்கு நேத்தவுட கம்மிதான். மூச்ச இழுத்து மெதுவா உடுடா. அவசரப்படாத."

"எடது பக்கம் சுருக்குனு குத்துது."

"அது வாயுவா இருக்கும். எனக்கும் அப்பப்ப குத்தும். குப்புறப் படுக்காத, அதான்."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் ஊர்த் தமிழை, நான் பேசி, ஸ்டெல்லா பேசி, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அனுப்பி, எதிலும் வராத தமிழை, சோஃபி தடங்கலில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். சுருக்கு, படபடப்பு, மூச்சுத் திணறல், மயக்கம், வாயு. எந்தச் சொல்லுக்கும் அவள் தேடவில்லை. நானும் இங்கிருக்கிற எல்லா அப்பாக்களையும்போல, பிள்ளைக்கு ஊரோடு ஒட்டுறவு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன்தான். கூடத்துக்கு வந்து டி.வி.யைப் போட்டேன். அதில் என்ன ஓடியது என்று நினைவில்லை.

6

பூசையைப் போனில் பார்த்தோமே, அதற்கு நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை, வரிசையில் காத்திருந்த ரந்தேவு வந்தது. ஆலோசகர் முன்பே போனில் சோஃபியிடம் பேசியிருந்தார். முதல் தடவை முடிந்தால் கடிகாரம் இல்லாமல் வா, முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் முயற்சி செய் என்று சொன்னாராம். சோஃபி என்னிடம் வந்து, "அப்பா, நீங்க கூட வந்தா கழட்டிட்டு வரேன்" என்றாள். அப்படி அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் லீவு சொன்னேன்.

காலையில் குளித்துவிட்டு, கடிகாரத்தைக் கழற்றிச் சமையல் மேடையில் வைத்தாள். கட்டியிருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. ஸ்டெல்லா அதைப் பார்க்காததுபோல அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் லிஃப்டில் இறங்கினோம். தெருவில் அவள் என் தோளோடு ஒட்டி நடந்தாள். நல்ல வெளிச்சமான காலை. பூங்காவைத் தாண்டும்போது, அங்கே சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்ததைச் சொல்லி லேசாகச் சிரித்தாள். என் மனதிலிருந்து ஏதோ ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா இரண்டு வருஷம் என்றுகூட நினைத்தேன்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் அவள் மூச்சு மாறியது. வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு கையை என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, நீங்க பாருங்க."

"நானா?"

"எண்ணுங்கப்பா. ப்ளீஸ்."

எங்கே பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் இரண்டு விரலை எடுத்து அவளே சரியான இடத்தில் வைத்தாள். வேகமாக, சின்னதாக, என் விரலுக்குக் கீழே அது ஓடிக்கொண்டிருந்தது. என் போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். பஸ் வந்து கதவைத் திறந்தது.

"வாம்மா, ஏறிட்டு எண்ணுவோம்."

"முடியாது. மொதல்ல சொல்லுங்க."

டிரைவர் எங்களைப் பார்த்தார். நான் ஒரு கையை உயர்த்தினேன், அதில் எனக்கே எண்ணிக்கை விட்டுப்போனது. பஸ் போய்விட்டது.

"எவ்ளோ?"

வாயில் வந்த எண்ணைச் சொன்னேன். நல்ல எண்ணாகத்தான் சொன்னேன்.

"நெஜமாவா?"

"நெஜமாதாம்மா."

"இன்னொரு தடவ எண்ணுங்க."

எண்ணினேன். அடுத்த பஸ்ஸும் வந்து போனது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைத்துக் குறைத்துச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர், உடம்பு சரியில்லையா, யாரையாவது கூப்பிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ரந்தேவு நேரம் தாண்டியதும் மையத்துக்கு போன் செய்தேன். போனை எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். வராததாகக் குறித்துக்கொள்கிறேன், அடுத்த இடம் கோடைக்குப் பிறகு வரலாம், கடிதம் வரும் என்றார்.

வீட்டுக்குத் திரும்பினோம். ஸ்டெல்லா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றாள். சோஃபி நேராகச் சமையல் மேடைக்குப் போய்க் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அது எண்ணிக் காட்டும்வரை நின்றாள். பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொன்னது எல்லாம் பொய்யாப்பா?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் போனில் லாரன்சின் அழைப்பு வந்தது. எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.